கிளினிக் கொப்பியில் இல்லாத கேள்வி

கிளினிக் நாளன்று விடியற்காலையில் வன்னிப் பெருநிலத்தின் பேருந்துகளில் ஏறியவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதாக இருக்கும். வெறும் வயிறு; கையில் ஒரு துணிப்பை; பையினுள்ளே உறையிட்ட கிளினிக் கொப்பி, சென்றமுறை தந்த குளிசைகளின் வெற்று உறைகள், இரத்தம் கொடுத்தபின் உண்பதற்கென்று வீட்டிலிருந்து கட்டிவந்த இரண்டு இடியப்பம். முறிகண்டிப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கும், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து முல்லைத்தீவுக்கும், செட்டிகுளம் பக்கமிருந்து வவுனியாவுக்கும் இவ்வாறு புறப்படும் முதியோருட் பலர், ஊர்வழக்கிற் சொன்னால், ‘சீனி வருத்தக்காரர்’.

வைத்தியசாலையிலே அவர்களுக்குக் குருதியெடுத்துச் சோதிக்கின்றனர், நிறை பார்க்கின்றனர், குருதியமுக்கம் அளக்கின்றனர், காலிற் புண் உண்டோ என்று நோக்குகின்றனர். இவை யாவும் கொப்பியில் ஏறுகின்றன. ஆனால், நாம் கண்ட கொப்பிகளில் ஒரு கேள்விக்கு மாத்திரம் இடம் இருந்ததில்லை. “சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாமற் போவதுண்டா?” என்பதே அக்கேள்வி. அதனைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம்.

எமது பெரியம்மா ஒருவர் பல்லாண்டுகளாக நீரிழிவுடன் வாழ்ந்து வருபவர். பகற்பொழுதில் அவரைப் போன்று ஒழுங்கானவரைக் காண்பதரிது. தேநீரைச் சீனியின்றியே அருந்துவார். கலியாண வீட்டிலும் பாயசத்தைத் தள்ளிவைப்பார். ஆயினும் அவருடைய சீனியளவு இறங்கியபாடில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஏச்சு. வீட்டுக்கு வந்தால் அங்கும் ஏச்சு. சீனிப் பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டவர் வேறு எவருமல்லர். இதனை எழுதும் நாமேதாம்.

ஒரு நள்ளிரவில் தண்ணீர் குடிப்பதற்கு எழுந்தபோது அவரைக் குசினியிற் கண்டோம். விளக்கு எரியவில்லை. சோற்றுப் பானையின் முன்னே நின்றபடி, கறிகூட இன்றி, அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார். காலைக்கென்று வாங்கி வைத்திருந்த பாணிலும் பாதியைக் காணவில்லை. நாம் சினந்து பேசினோம். அவர் எதிர்வாதம் புரியவில்லை. “பசிச்சுச் சாப்பிடேல்லை மோனை. தொடங்கினா நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு” என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் பாயிற் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாக்குப்போக்கு என்றே அன்று அதனை எண்ணினோம். பின்னர் வைத்திய நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான், எழுத்தறிவு குறைந்த அம்முதியவள் ஒரு நோயின் முதல் இலக்கணத்தை ஒரே வசனத்திற் சொல்லியிருந்தாள் என்பது விளங்கிற்று. விளங்கியபோது வெட்கமும் உண்டாயிற்று.

பேராசை அன்று, நோய்

1959ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் அல்பேட் ஸ்டங்காட் என்பவர், உடற்பருமனுடையோர் உண்ணும் முறைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுட் சிலர் குறுகிய நேரத்துக்குள் மிகப் பெருமளவு உணவை உட்கொண்டு, பின்னர் பெரிதும் மனம் வருந்துவதை அவர் அதிலே எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் ‘பிஞ்ச் ஈற்றிங்’ எனப்படும் இதனை நாம் ‘கட்டுமீறி உண்ணல்’ எனலாம். அவர் எழுதி அரைநூற்றாண்டுக்கு மேற் சென்றபின், 2013ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் இதனைத் தனியொரு நோயாக ஏற்றுக்கொண்டது.

வருடப்பிறப்பன்று வயிறு நிறைய உண்பதும், கோயில் அன்னதானத்தில் இருமுறை சோறு கேட்டு வாங்குவதும் நோயல்ல. கட்டுமீறி உண்ணலுக்கு இரண்டு அடையாளங்கள் முதன்மையானவை. அதே நிலையில் வேறொருவர் உண்ணக்கூடியதிலும் மிகக் கூடுதலாக, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் உண்பது ஒன்று. உண்ணும்போது தன்னைத் தன்னாற் கட்டுப்படுத்த முடியவில்லை என்று உணர்வது மற்றொன்று. இவற்றோடு விரைந்து விழுங்குதல், வயிறு நோகும்வரை உண்ணுதல், பசியில்லாதபோதும் பெருமளவு உண்ணுதல், வெட்கத்தினால் மறைந்து உண்ணுதல், உண்டபின் தன்னையே வெறுத்தல் ஆகிய ஐந்தினுள் மூன்றேனும் காணப்படும். வாரம் ஒரு தடவையேனும் மூன்று மாதங்களாக இது நிகழ்ந்து, மனவேதனையையும் தருமாயின் வைத்தியர் அதனை நோயெனக் கொள்வர். உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவது போன்ற செயல்கள் இந்நோயில் வழமையாக இரா. அவை இருப்பின் அது வேறொரு நோய்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசினார். அளவறிந்து உண்ணவேண்டும் என்பது எமது பெரியம்மாவுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் கை நிற்கவில்லை என்பதே அவருடைய துன்பம். அத்தகையவருக்கு மேலும் மேலும் புத்திமதி சொல்வது, நீந்தத் தெரியாது நீரில் தத்தளிப்பவனுக்குக் கரையில் நின்று குளத்தின் ஆழத்தை எடுத்துரைப்பது போலாகும்.

சுழன்றுவரும் வலை

நீரிழிவு உள்ளவர் விடயத்தில் இதனைத் தனியாக விசாரிக்கவேண்டிய தேவை என்ன என்று வாசகர்கள் வினவலாம். இரண்டு நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பதே அதற்குக் காரணம்.

கட்டுமீறி உண்பதால் உடல் பெருக்கிறது. உடல் பெருத்தால் இரண்டாம் வகை நீரிழிவு நெருங்குகிறது. நீரிழிவு வந்தபின்னரோ, ‘அது கூடாது, இது கூடாது’ என்னும் தடைகள் நாற்புறமும் எழுகின்றன. பகல் முழுவதும் அடக்கிவைத்த மனம் இரவில் அணையுடைக்கிறது. இரவில் உண்டதனாற் சீனி ஏறுகிறது. குற்றவுணர்வினால் மறுநாட் காலையுணவைத் தவிர்க்கிறார். ஆனால் குளிசையையோ ஊசியையோ போட்டுக்கொள்கிறார். இன்சுலினும் சில குளிசைகளும் வெறும் வயிற்றிலே சீனியை அபாயமான அளவுக்கு இறக்கிவிடக்கூடியவை. அப்போது கை நடுங்குகிறது, வியர்க்கிறது, அடங்காப் பசி எழுகிறது. மீண்டும் கண்டதையெல்லாம் உண்ண நேர்கிறது. கிளினிக்கில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனையைப் பார்க்கும் வைத்தியர், நடந்தது இன்னதென்று அறியாமையினால், மருந்தைக் கூட்டுகிறார். வலை மேலும் இறுகுகிறது.

இங்கு ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவது தவறாகும். சீனி இறங்கியதனால் எழும் பசி நோயாளியின் குற்றமுமன்று, உளநோயுமன்று. அவ்வேளை சீனி கலந்த நீரோ குளுக்கோசோ உடனே கொடுக்கப்படல் வேண்டும். அது அடிக்கடி நிகழுமாயின், மருந்தின் அளவை வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளல் வேண்டும். சீனிப் பேணியைப் பூட்டிவைத்த எமது செயல் எத்துணை ஆபத்தானது என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

சிறுவயதிலேயே இன்சுலின் ஊசியைத் தொடங்கிய இளையோரிடம் வேறொரு மறைவும் காணப்படுவதுண்டு. உடல் பெருத்துவிடும் என்று அஞ்சி அவர்கள் ஊசியைக் குறைத்துப் போடுவர், அல்லது போடாதுவிட்டுப் போட்டதாகச் சொல்வர். இது உயிருக்கே உலைவைப்பது. இத்தகையோரைக் கண்டறிவதற்கென 16 வினாக்கள் கொண்ட திருத்திய வினாக்கொத்து ஒன்று 2010இல் வெளிவந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், உணவையும் மருந்தையும் பற்றி நோயாளி கூறுவதற்குப் பொருந்தாத வகையிற் சீனியளவோ நிறையோ மாறும்போது, உண்ணும் முறையிற் கோளாறு உண்டோ என்று வினாக்கொத்துக்கள் கொண்டு விசாரிப்பது நன்றென வைத்தியர்களுக்கு ஆலோசனை கூறுகிறது.

வன்னி அறிந்த பசி

எமது மண்ணுக்கு இவ்விடயத்தில் ஒரு தனிக் கணக்கு உண்டு. அது பசியின் கணக்கு.

இரண்டாம் உலகப்போரின் இறுதிக்காலத்தில், 1944 நவம்பர் தொடக்கம் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், அன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். போரிற் சேர மனச்சாட்சி இடங்கொடாத இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்து, ஆறு மாத காலம் அரைவயிற்று உணவோடு வாழ்ந்தனர். அக்காலம் முழுவதும் அவர்கள் சிந்தையில் உணவன்றி வேறொன்றும் நிலைக்கவில்லை. பின்னர் வேண்டியமட்டும் உணவு கிடைத்தபோது, அவர்களுட் சிலர் வயிறு கொள்ளாத அளவு உண்டும் நிறைவு காணாது தவித்தனர். உடலும் உள்ளமும் நலமாயிருந்த இளைஞருக்கே ஆறு மாதப் பட்டினி இதனைச் செய்தது.

1994இல் டொரொன்டோப் பல்கலைக்கழக உளவியலாளர் ஜனெற் பொலிவி முதலியோர் வெளியிட்ட ஆய்வு, ஜெர்மானியச் சிறைமுகாம்களில் உணவின்றி மெலிந்த முன்னாட் போர்வீரரைப் பற்றியது. போரிலே பங்குபற்றியும் சிறைப்படாத வீரரைக் காட்டிலும் இவர்களிடம் கட்டுமீறி உண்ணும் வழக்கம் கூடுதலாக இருந்தது. சிறைவாசம் முடிந்து அப்போது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதனைப் படித்தபோது 2009ஆம் ஆண்டின் முற்பகுதியை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. முள்ளிவாய்க்காற் கரையோரத்தில் அரிசியும் உப்பும் நீரும் சேர்ந்த கஞ்சியே உயிர்பிடித்து வைத்தது. அந்நினைவாகவே ஆண்டுதோறும் மே மாதத்திற் கஞ்சி காய்ச்சி வழங்கப்படுகிறது. அதன்பின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், 2012 செப்டெம்பரில் அது மூடப்படும்வரை, எத்தனையோ குடும்பங்கள் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கின. அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பவையே நிவாரணம். காய்பிஞ்சுகளும் மீனும் அரிதாயின. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதிய ஆய்வொன்றில், வன்னி மக்களின் மனக்காயம் தனியாட்களுடையது மட்டுமன்று, ஒரு சமூகம் முழுவதினுடையதுமாகும் என எடுத்துரைத்தார்.

பட்டினி கண்டவர் யாவரும் இந்நோய்க்கு ஆளாவர் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் பட்டினியும் போர்த்துயரும் இந்நோய்க்கு நிலம் பண்படுத்துவன என்பது பிற நாடுகளிற் கண்ட உண்மை. அவ்வாறாயின் அதனைத் தேடிக் கேட்கவேண்டிய இடங்களுள் வன்னி முன்னணியில் அன்றோ நிற்கவேண்டும்! எமது பெரியம்மாவும் அக்கஞ்சி வரிசையில் நின்றவரே. பானையின் அடியிற் சோறு மிஞ்சியிருப்பதைக் கண்டால் விட்டுச்செல்ல மனம் வராது என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. நாமோ அதனைச் சிக்கனம் என்றே எண்ணியிருந்தோம்.

மற்றுமொரு செய்தியையும் சொல்லவேண்டும். இலங்கையில் 2005–2006 காலப்பகுதியில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணிப்பிற் சேர்க்கப்படவில்லை. 2018–2019இல் நாடளாவிய வேறோர் ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பேர் என்று காட்டியது. நால்வருள் ஒருவரை அண்மித்துவிட்டது இந்நோய். இனியும் குருதியை மாத்திரம் அளந்து மனிதரைக் கேளாதிருத்தல் தகாது.

கேட்கும் முறை

உண்ணும் முறையிலுள்ள கோளாறுகளைக் கண்டறிய உதவும் வினாக்கொத்துக்கள் பல உள. 1982இல் வெளியான 16 பகுதிகள் கொண்ட அளவுகோல் ஒன்று. 1999இல் இலண்டனில் அமைக்கப்பட்ட ஐந்தே வினாக்கள் கொண்டதொன்று. பின்னர் வந்தவையும் சில. இவை சுளகு போன்றவை. சுளகு நெல்லையும் பதரையும் பிரித்துத் தரும், சோறாக்கித் தராது. வினாக்கொத்தில் ‘ஆம்’ என்று விடை வந்தால் நோயென்று முடிவாகிவிடாது. வைத்தியர் மேலும் ஆராயவேண்டும் என்பதே அதன் பொருள்.

இவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து வன்னியிற் கேட்டாற் பயன் குறையும். ‘தனியே இருந்து உண்பதுண்டா?’ என்று மேல்நாட்டில் வினவுவர். எமது வீடுகளிலோ, எல்லாருக்கும் பரிமாறி முடித்துக் கடைசியிலே தனியாக உண்பவள் தாய். அது நோயின் அறிகுறியன்று, வழக்கம். ‘பிறர் காணக்கூடாதென்று ஒளித்துச் சாப்பிடுவதுண்டா?’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். ‘கனக்கச் சாப்பிடுவீர்களா?’ என்று வயலில் நாள் முழுவதும் வேலை செய்பவரைக் கேட்டுப் பயனில்லை. ‘போதும் என்று மனம் சொல்லியும் கை நிற்காத நாள் உண்டா?’ என்று கேட்கவேண்டும்.

கேட்கும் குரலும் முக்கியமானது. கல்லூரி ஆசிரியராகிய நாம் இதனை வகுப்பறையிற் கற்றுக்கொண்டோம். “வீட்டுவேலை செய்யாதவன் யார்?” என்று உறுக்கினால் எந்த மாணவனும் எழுந்து நிற்கமாட்டான். “எந்தக் கணக்குக் கடினமாக இருந்தது?” என்று கேட்டால் பத்துக் கைகள் உயரும். “இந்த வருத்தம் உள்ள பலருக்கு இப்படி நேர்வதுண்டு, உங்களுக்கும் உண்டா, அம்மா?” என்று தொடங்கினால், பல ஆண்டுகளாகப் பூட்டியிருந்த வாயும் திறக்கும். பிள்ளைகளும் அயலவரும் சூழ நிற்கும்போது கேளாது, தனியிடத்திற் கேட்டல் நன்று.

பின்வருவன சோதனைத்தாள் அல்ல. வீட்டிலும் கிளினிக்கிலும் பேச்சைத் தொடங்குவதற்கு உதவும் சில வினாக்கள்:

பசியில்லாத வேளையிலும் நிறையச் சாப்பிட நேர்வதுண்டா? தொடங்கியபின் நிறுத்த முடியாது போவதுண்டா? ஒளித்துச் சாப்பிடுவதுண்டா? சாப்பிட்டபின் உங்களையே வெறுப்பதுண்டா? அதற்கு ஈடாக மறுநாட் பட்டினி கிடப்பதோ, மருந்தைக் கூட்டிக் குறைப்பதோ உண்டா? கிழமையில் எத்தனை நாள் இவ்வாறு நேர்கிறது? அவ்வேளை நடுக்கமும் வியர்வையும் இருந்தனவா?

இறுதி வினாவுக்கு ‘ஆம்’ என்றால் சீனி இறங்குகிறதோ என்பதை முதலிற் பார்க்கவேண்டும். முன்னைய வினாக்களிற் பலவற்றுக்கு ‘ஆம்’ என்றால், அதனைக் கிளினிக் வைத்தியரிடம் சொல்லி, உளநலப் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

கேட்ட பின்னர்

இந்நோய்க்குப் பரிகாரம் உண்டு என்பது நற்செய்தி. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தோபர் பெயர்பேண் முதலியோர் வகுத்த முறையின் அடித்தளம், பலரும் எண்ணுவதற்கு மாறாக, உணவைக் குறைப்பதன்று, ஒழுங்காக உண்பது. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிறு உணவு, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளி இல்லாமை ஆகியனவே அவ்வொழுங்கு. நீரிழிவுடையோர் இதனைத் தம் மருந்துக்குப் பொருந்துமாறு வைத்தியரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளல் வேண்டும். எப்போது, எந்த மனநிலையில், எதனை உண்டோம் என்று ஒரு கொப்பியிற் குறித்துவருவதும் அம்முறையின் ஒரு பகுதி. ஒருவர் வழிகாட்ட நோயாளி தாமே பயிலும் இத்தகைய முறையை முதற் சிகிச்சையாக இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைத்தது.

அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவுடையோர் 5,000 பேருக்கு மேல் பங்குபற்றிய பேராய்வொன்றிலே, கட்டுமீறி உண்ணலை விட்டவர்கள் ஓராண்டில் அவ்வழக்கமே இல்லாதவரை ஒத்த அளவுக்கு நிறை குறைந்தனர். விடாதவர்களே பின்தங்கினர். எனவே இவ்வழக்கத்தைக் கண்டறிந்து உதவுதல் வீண் முயற்சியன்று.

விரதங்களைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளி விரதமும் கந்தசஷ்டியும் எமது வாழ்வோடு கலந்தவை. ஆனால் மருந்தெடுப்பவர் நாள் முழுவதும் ஒறுத்திருந்து இரவில் அல்லது பாறணையன்று ஒருங்கே உண்பது மேற்சொன்ன வலைக்குள் தாமே நுழைவதாகும். வைத்தியரைக் கேட்டு, பாலும் பழமும் கொண்டோ ஒருநேர உணவின் முறையை மாற்றியோ நோற்கலாம். உடலை வருத்தி நோயை வளர்க்கும்படி எத்தெய்வமும் கேட்பதில்லை.

வீட்டாருக்கு எமது விண்ணப்பம் இது. உணவைப் பூட்டாதீர்கள், பிஸ்கட்டை எண்ணாதீர்கள், விருந்தினர் முன்னே ‘இவவுக்கு வாய் அடங்காது’ என்று சிரிக்காதீர்கள். நோயாளிக்கெனத் தனிச்சமையல் செய்து ஒதுக்காமல், எல்லாருக்கும் ஏற்ற ஒரே உணவைச் சமைத்து ஒன்றாக இருந்து உண்ணுங்கள். கடைசியாக உண்ணும் தாயை முதற் பந்திக்கு அழையுங்கள். ஓரிரவு தவறினால் மறுநாட் காலையுணவை மறுக்க விடாதீர்கள்.

எமது பெரியம்மாவை அந்தக் கேள்வி கேட்டவர் ஓர் இளம் தாதி. கூட்டம் குறைந்திருந்த ஒரு நாளில், கொப்பியை மூடிவைத்துவிட்டு, “இரவில நித்திரை வராமச் சாப்பிடுறனீங்களோ அம்மா?” என்று மெல்லக் கேட்டாராம். பெரியம்மா அவ்விடத்திலேயே அழுதுவிட்டார். மருந்து மாற்றப்பட்டது, உளநலப் பிரிவுக்குச் சில மாதங்கள் சென்று வந்தார், மாலையில் ஒரு சிறு உணவு சேர்ந்தது. சீனியளவு ஒரேயடியாக விழுந்துவிடவில்லை. படிப்படியாக இறங்கி வருகிறது. இடையிடையே தவறும் இரவுகளும் உண்டு. ஆனால் இப்போது விடிந்ததும் “நேற்று ராத்திரித் தவறிப்போச்சு மோனை” என்று தாமாகவே எம்மிடம் சொல்லுகிறார். நாமும் தேநீரை ஊற்றிக் கொடுத்து, காலையுணவுக்கு அவரோடு உட்காருகின்றோம்.

அலுமாரியின் திறப்பு இப்போது அலுமாரியிலேயே தொங்குகிறது. வாசக அன்பர்களே, அடுத்த கிளினிக் நாளுக்கு முன்னர் உங்கள் வீட்டிலுள்ள சீனி வருத்தக்காரரையும் அருகிலிருந்து, குரலைத் தாழ்த்தி, அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடை வரச் சற்றுத் தாமதித்தாலும் பொறுத்திருங்கள்.